வாய் படாத துளி

துபாயில் எங்கள் ஹோட்டலின் பின்பக்கம், ஊழியர்கள் சாப்பிடுகிற அறையில், நான் தண்ணீர் குடிப்பதை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே உண்டு. பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, கடகடவென்று தொண்டைக்குள் இறக்குவேன். உதட்டில் பாட்டில் படாது. சட்டையில் ஒரு சொட்டு சிந்தாது. அறைகளைச் சுத்தம் செய்கிற பிரிவில் இருக்கும் கென்யா நாட்டுப் பெண் ஒருத்தி முதல்முறை பார்த்துவிட்டுக் கையே தட்டிவிட்டாள். ஏதோ சர்க்கஸ் வித்தை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். தாம்பரத்தில் என்றேன். அது என்ன, சர்க்கஸ் பள்ளிக்கூடமா என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

இதே ஆள் விடுமுறைக்குத் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர் வீட்டுக்கு வந்து இறங்கியதும் என்ன செய்கிறான் தெரியுமா? பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, மேசை மேல் இருந்த செம்பை எடுத்து, வாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கிறான். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "வாய வெச்சிட்டியா? சரி குடி, குடி" என்றாள். குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டு போய்ப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். திட்டவில்லை. ஊரிலிருந்து வந்த பிள்ளையை முதல் நாளே திட்டுவானேன் என்று விட்டிருப்பாள். அங்கே இருக்கும்போது தாம்பரத்துக்காரனாக இருக்கிறேன்; இங்கே வந்தால் துபாய்க்காரனாகிவிடுகிறேன். எந்த ஊரில் இருக்கிறோம் என்பது இந்த உடம்புக்கு எப்போதும் ஒரு ஃப்ளைட் தாமதமாகத்தான் தெரிகிறது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லையே. பார்டெண்டர். எங்கள் தெருவில் விசாரித்தால் "ஹோட்டல்ல இருக்கான்" என்பார்கள். சமையலா, மேனேஜரா என்று மேற்கொண்டு கேட்பவர்களிடம் அம்மா, "எல்லாத்தையும் பாத்துக்கறான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். பொய் என்று சொல்ல முடியாது. விஷயம் தெரிந்த சிநேகிதர்கள் வருஷா வருஷம் வெயில் ஏறத் தொடங்கியதும் எனக்கு ஈமெயில் போட ஆரம்பித்துவிடுவார்கள். நலம் விசாரிப்பெல்லாம் ஒரு வரிதான். இரண்டாவது வரியே, "மச்சான், இந்த சம்மருக்கு வீட்லயே போடற மாதிரி காக்டெயில் ஏதாவது சொல்லேன்." ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பேப்பரின் இணைப்பில் வண்ணப் படங்களோடு வருகிறதாம். புதினா இலை மிதக்கிற கண்ணாடித் தம்ளர், விளிம்பில் உப்பு, குத்திவைத்த எலுமிச்சைத் துண்டு. அதுதான் இப்போது ஃபேஷன். மேடவாக்கத்திலும் வேளச்சேரியிலும் புது ஃப்ளாட் வாங்கியவர்களெல்லாம் பால்கனியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க ஆசைப்படுகிறார்கள்.

நானும் சலிக்காமல் பதில் போடுவேன். புதினாவைத் துவையலுக்கு அரைக்கிற மாதிரி நசுக்காதே, கசப்பு இறங்கிவிடும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போடு. எலுமிச்சையைக் கடைசிச் சொட்டு வரை பிழியாதே. சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி ஆறவைத்துக்கொள், பச்சைச் சர்க்கரை அடியில் தங்கிவிடும். வெள்ளை ரம், சோடா, நிறைய ஐஸ். அவ்வளவுதான். இதை எழுதும்போதெல்லாம் அந்த 'வீட்லயே' என்கிற வார்த்தை மட்டும் என்னை உறுத்தும். ஆறு பேர் படுக்கிற அறையில் மேல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர்கள் அவரவர் வீட்டில் என்ன குடிக்கலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் குடிப்பதில்லை என்பது வேறு விஷயம். நாக்கில் ஒரு துளி, அதுவும் வேலைக்காக. அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு.

அந்த ஒரு துளியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பாரில் எந்தப் பானத்தைக் கலந்தாலும் அதை வாடிக்கையாளர் முன் வைப்பதற்குள் ருசி பார்க்க வேண்டும். ஒரு ஸ்ட்ராவை உள்ளே விட்டு, மேல் துளையை ஆள்காட்டி விரலால் அடைத்துத் தூக்கினால் ஸ்ட்ராவின் அடியில் ஒரு துளி நிற்கும். அதை நாக்கில் விட்டுக்கொண்டு, ஸ்ட்ராவைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். அடுத்த பானத்துக்கு அடுத்த ஸ்ட்ரா. நான் வேலையில் சேர்ந்த புதிதில் இதைச் செய்யமாட்டேன். என் மேலாளர் ரமோன், பிலிப்பைன்ஸ்காரர், நல்ல மனுஷன், ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் ருசி பார்ப்பதில்லை?"

"விருந்தாளிக்கு முன்னால் நான் எப்படி?" என்றேன்.

"மதமா?"

"இல்லை."

"வயிற்றில் ஏதாவது கோளாறா?"

"அதெல்லாம் இல்லை. எங்கள் வீட்டில் அப்படிச் செய்வதில்லை."

அவர் என் பக்கம் குனிந்தார். "உங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் விஷம் வைத்துவிட மாட்டார்களே?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். நான் சிரித்துவிட்டேன். எச்சில் என்பதை எந்த இங்கிலீஷில் சொல்வது? கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ருசி பார்க்காமல் கொடுப்பவன் அழுக்கான பார்டெண்டர்." அழுக்கு என்ற சொல்லைத்தான் சொன்னார். அன்றைக்குப் பழகிக்கொண்டதுதான். இப்போது கை தானாகவே ஸ்ட்ராவைத் தேடிப் போகிறது.

எங்கள் வீட்டில் அம்மா எதையும் ருசி பார்த்துச் சமைத்ததில்லை. சாம்பார் கொதிக்கும்போது கரண்டியில் மொண்டு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்வாள். "உப்பு கம்மியா கீதே" என்பாள், வாசனையை வைத்தே. அம்மா பிறந்தது ராயபுரம்; நாங்கள் சேலையூர் வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் 'கீது' மட்டும் போகவில்லை. என் மனைவி உமா கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் கரண்டியில் ரசத்தை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாளாம். அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்த ரசத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வேறு ரசம் வைத்தாள். எனக்கு உமா ஃபோனில் சொல்லித்தான் தெரியும். அப்போது நான் கல்யாண லீவு முடிந்து துபாய் திரும்பியிருந்தேன்.

உமா தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் டீச்சர். என் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. அதனால் அவள் அம்மாவோடு சேலையூரில், நான் மேல் கட்டிலில். எங்களுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறுமா என்பது சந்தேகம்தான். குழந்தை இல்லை. இந்தமுறை லீவில் வந்ததும் உமா என்னை மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் இரண்டு பேரின் பரிசோதனைத் தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்ல. மருந்தெல்லாம் அப்புறம் பாக்கலாம். மொதல்ல ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருங்க" என்றார். வெளியே வந்து மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். வாங்க ஒன்றுமில்லை. உமா, "எழுதிக் குடுத்திருந்தாக்கூட வாங்கிப் போட்ருக்கலாம்" என்றாள்.

ஊரோடு வந்துவிட வேண்டும் என்று அந்த இடத்தில்தான் தீர்மானித்தேன். வருவது என்றால் எந்த வேலைக்கு? இங்கே பார்களில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் அம்மா சேலையூரைக் காலி செய்துகொண்டு போய்விடுவாள். அப்போதுதான் தினேஷ் ஒரு சேதியோடு வந்தான். தினேஷ் உமாவின் தம்பி, ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மேடவாக்கத்தில் சொந்த ஃப்ளாட், இன்னும் கல்யாணமாகவில்லை. அவன் கம்பெனியில் கேன்டீன் முழுவதையும் மேற்பார்வை பார்க்க ஹோட்டல் அனுபவமுள்ள ஆள் தேடுகிறார்களாம். அதை முடிவு செய்பவர் வரதன் என்று ஒரு பெரிய அதிகாரி.

"மாமா, இன்டர்வியூன்னு போனா உங்க ரெஸ்யூம்ல பார் வேலைன்னு பாத்ததும் மூடி வெச்சிடுவாரு. என் ஃப்ளாட்டுக்குக் கூப்டுவோம். சண்டே லஞ்ச். அவருக்கு இந்த சம்மர் காக்டெயில் மேட்டர்லாம் ரொம்பப் புடிக்கும். நீங்க பண்ற ஸ்டைலப் பாத்தாலே விழுந்துடுவாரு" என்றான்.

"சாப்பாட்டு வேலைக்கு சாராயத்தக் காட்டியா ஆள் எடுப்பாங்க?" என்றாள் உமா.

"அக்கா, இது சாராயமில்ல. மிக்ஸாலஜி."

"பேர மாத்திட்டா ஆச்சா" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "உங்க சட்டைங்க வெக்கறதுக்கு. பெட்டிலேயே எத்தன நாள் வெச்சிருப்பீங்க" என்றாள். அவ்வளவு வருஷமும் லீவில் என் சட்டைகள் பெட்டியில்தான் இருந்தன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே. அக்னி நட்சத்திர வெயில். மேடவாக்கத்தில் மூன்று நாளாகக் கரன்ட் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் லாரி வருகிறது என்று சொன்னால் அடுக்குமாடியே வாசலுக்கு ஓடியது. காக்டெயிலுக்கு உயிர் ஐஸ்தான். துபாயில் ஒரு பொத்தானை அழுத்தினால் கொட்டும். இங்கே தினேஷ் பெருமையாக ஒரு பாளத்தைக் கோணிப்பையில் சுற்றி, மரத்தூளோடு கொண்டுவந்து இறக்கினான். முகர்ந்து பார்த்தேன். மீன் மார்க்கெட் ஐஸ். "கழுவிட்டா போச்சு மாமா" என்றான். அதைப் பாட்டில்களைக் குளிர வைக்க ஒரு பக்கெட்டில் போட்டுவிட்டு, தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, அந்த மாடியில் இருந்த ஒவ்வொரு வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒரு ஐஸ் தட்டு வைக்கச் சொன்னேன். "சர்பத்துக்கு ஆன்ட்டி, சர்பத்துக்கு" என்று தினேஷ் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். பாதி உருகி, பாதி உறைந்து திரும்பி வந்தன. ஒன்றில் மட்டும் பலாப்பழ வாசனை. அதை ஒதுக்கிவைத்தேன்.

மாங்காயை வேகவைத்துச் சதையை வழித்து, பாகு சேர்த்து வடிகட்டிக்கொண்டேன். அதோடு வோட்கா. தம்ளர் விளிம்பில் எலுமிச்சையைத் தடவி, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து ஒட்டவைத்தேன். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டியில் கீறிக் கொடுப்பார்களே மாங்காய் பத்தை, அந்த ருசி வர வேண்டும் என்று நினைத்துப் போட்டது. புதினாவும் எலுமிச்சையும் போட்டு ரம் ஒன்று. தர்பூசணிச் சாறில் ஒன்று. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, துபாயிலிருந்து கொண்டுவந்த இரண்டு பாட்டில்களையும் வைத்தேன். அழகு கெட்டுப்போகும் என்று தினேஷ் குப்பைக்கூடையைத் துணிக்குப் பின்னால் என் காலடியில் தள்ளிவிட்டான். அதை அப்போது நான் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வரதன் சார் வந்தார். சிரித்த முகம். கூட அவர் மனைவி, நல்ல பருத்திப் புடவையில். இன்னும் தினேஷின் ஆஃபீஸ் நண்பர்கள் சிலர். மேடம் குடிக்கமாட்டார், அவருக்கு மட்டும் மது இல்லாமல் வேண்டும் என்று தினேஷ் முதலிலேயே சொல்லியிருந்தான். நான் அதற்கென்று தனி ஜக்கு, தனி கரண்டி, தனி தம்ளர், எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி இன்னொரு ஸ்டூலில் வைத்திருந்தேன். ரம் பட்ட கையைக்கூடக் கழுவிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போனேன். உமா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அவள் என்னை வேலையில் பார்ப்பது அதுதான் முதல்முறை.

மாங்காய் பானத்தை ஒரு வாய் குடித்துவிட்டு வரதன் சார் கண்ணை மூடிக்கொண்டார். "அடடா. இது எங்க ஸ்கூல் வாசல் டேஸ்ட்டுப்பா" என்றார். தினேஷின் நண்பன் ஒருவன் பழக்கதோஷத்தில் தம்ளரைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்ள, ஐஸும் புதினாவும் அவன் மூக்கில் விழுந்தன. எல்லோரும் சிரித்தார்கள். விளிம்பில் வாய் வைத்துக் குடித்தால்தான் உப்பு தெரியும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். துபாய் வாழ்க்கை, எத்தனை பேருக்கு ஒரு நாளில் சாப்பாடு போகும், சாமான்களை எப்படி வாங்குவீர்கள் என்றெல்லாம் சார் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "மண்டே ஆஃபீஸ் பக்கம் வந்துடுங்களேன். பேசிடலாம்" என்றார். நான் உமாவைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் மேடத்துக்கான பானத்தை நானே எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கலந்தேன். புதினா, எலுமிச்சை, பாகு, ஒரு சிட்டிகை உப்பு, சோடா. கை தன் வேலையைச் செய்தது. புது ஸ்ட்ரா ஒன்றை எடுத்தேன், உள்ளே விட்டேன், விரலால் அடைத்தேன், நாக்கில் விட்டுக்கொண்டேன், ஸ்ட்ராவைக் காலடிக் கூடையில் போட்டேன். சரியாக இருந்தது. தம்ளரை மேடத்திடம் நீட்டினேன்.

மேடம் வாங்கிக்கொண்டார். வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டார். "பரவால்லங்க. எனக்குத் தண்ணி போதும்" என்றார்.

புதினா பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "தர்பூசணி போட்டுத் தரேன் மேடம். ஒரு துளி ஆல்கஹால் கிடையாது. எல்லாம் தனிப் பாத்திரம்" என்றேன்.

"ஐயோ, வேணாங்க."

மரியாதைக்கு வேண்டாம் என்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நம் ஊரில் முதல் தடவை கேட்டால் யார்தான் வேண்டும் என்பார்கள்? தர்பூசணிச் சாறை இன்னொரு தம்ளரில் ஊற்றினேன். உமா வாசலிலிருந்து கண்ணைக் காட்டினாள். உப்புப் போடச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு ஒரு சிட்டிகை கூடப் போட்டேன். உப்புப் போட்டால் ருசி பார்க்காமல் முடியுமா? இன்னொரு ஸ்ட்ரா. இன்னொரு துளி. அவர் கண் முன்னாலேயே. இரண்டாவது தம்ளரை நீட்டியபோது மேடம் கை நீட்டவில்லை. கணவரைப் பார்த்தார். வரதன் சார் தம் கையிலிருந்த மாங்காய் பானத்தைப் பார்த்தார். பாதி மிச்சமிருந்தது. மெதுவாகக் கீழே வைத்தார். ஃபேன் நின்றது; கரன்ட் போய்விட்டது. நல்லவேளை, எல்லோரும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

கிளம்பும்போது சார் என் கையைக் குலுக்கவில்லை. கும்பிட்டார். திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். "தினேஷ்கிட்ட சொல்லி அனுப்பறேங்க" என்றார்.

ஷேர் ஆட்டோவில் தாம்பரம் திரும்பினோம். "இன்னா சார், கொஞ்சம் உள்ள தள்ளி குந்து, இன்னொரு ஆள் வருது" என்றார் டிரைவர். தள்ளி உட்கார்ந்தேன். உமா என் பக்கம் திரும்பவே இல்லை. செம்பாக்கம் தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள்.

"நான் கண்ணக் காட்னேன்ல?"

"உப்புப் போடச் சொல்றியோன்னு நெனச்சேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எச்சில் பண்ணிக் குடுத்தீங்க. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

"ஒவ்வொண்ணுக்கும் வேற வேற ஸ்ட்ரா உமா. குப்பைல போட்டுட்டேன்."

"அது உங்களுக்குத் தெரியும். கூடைய மேசைக்கு அடியில வெச்சிருந்தா யாருக்குத் தெரியும்? வாயில வெச்ச ஸ்ட்ரா திரும்பி எங்க போச்சுன்னு அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? அப்படியே போட்டாலும், அவங்களுக்குக் குடுக்கறத நீங்க மொதல்ல நாக்குல வெக்கலாமா?"

கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். யார் மேல் கோபப்படுவது? கேம்ப் ரோட்டில் ஒரு ஜூஸ் கடைக்காரர் எனக்குப் போட்ட ஜூஸை அப்படி ருசி பார்த்திருந்தால் நானே எழுந்து வந்திருப்பேன். ரமோன் மேல் கோபப்படலாமா? அவர் சுத்தமாக இருக்கச் சொன்னார். மேடம் எதிர்பார்த்ததும் சுத்தம்தான். இரண்டு சுத்தத்துக்கும் நடுவில் நான் ஒருத்தன் அழுக்காகி நிற்கிறேன்.

கொஞ்ச தூரம் போனதும் உமா சின்னக் குரலில் கேட்டாள்: "ஏங்க, தண்ணி பாட்டில அவ்ளோ ஒசரத்துல தூக்கிக் குடிக்கிறீங்க. அந்த ஒரு சொட்ட மேலேர்ந்து வுட்டுக்கத் தெரியலையா? வாயில படாம?"

ஆட்டோ சேலையூர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு அது ஒருபோதும் தோன்றவே இல்லை. இத்தனை வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனையோ தம்ளர்கள். அதே கை, அதே வாய். பாட்டிலைத் தூக்குகிற ஆளும் ஸ்ட்ராவை நாக்கில் வைக்கிற ஆளும் எனக்குள்ளே ஒருவரை ஒருவர் சந்தித்துக்கொண்டதே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் தினேஷ் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டபோதே தெரிந்துவிட்டது. "மாமா, சார் உங்களப் பத்தித் தப்பா ஒண்ணும் சொல்லல. நல்ல ஆள், திறமையான ஆள்னுதான் சொல்றாரு. ஆனா கேன்டீன்னு வந்தா கை சுத்தம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். அம்மா உள்ளேயிருந்து, "எவன்டா எம்புள்ள கைய சுத்தமில்லன்றது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாங்கள் யாரும் அவளுக்கு நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் மேடம் பக்கம்தான் பேசியிருப்பாள்.

அப்புறம் மிச்ச லீவு எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். போயிற்று. துபாய்க்குக் கிளம்புகிற அன்று மத்தியானம் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பீரோத் தட்டிலிருந்து சட்டைகளை உமாதான் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். வெயில் தாங்கவில்லை. அவள் எழுந்துபோய் எலுமிச்சை ஜூஸ் போட்டாள். புதினா இல்லை, சோடா இல்லை, விளிம்பில் ஒன்றும் இல்லை. எவர்சில்வர் டம்ளரில் எலுமிச்சை, சர்க்கரை, உப்பு, பானைத் தண்ணீர். எனக்கு நீட்ட வந்தவள் நின்றாள். அம்மா கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். உமா டம்ளரை உதட்டில் வைத்து, அம்மா பார்க்கப் பார்க்க, ஒரு வாய் நன்றாகவே குடித்தாள். "உப்பு சரியா இருக்கு" என்று சொல்லி என் கையில் கொடுத்தாள்.

அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தேன். எனக்கு அழுகை வந்தது. உமா அழவில்லை. காலியான பீரோத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துபாய் வந்து, ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. வேலைக்குக் கிளம்புமுன் மத்தியானத்தில் ஃபோன் கார்டைச் சுரண்டி வீட்டுக்குப் பேசினேன். உமாதான் எடுத்தாள். வெயில் எப்படி இருக்கிறது என்றேன். கத்திரி முடிந்தும் கொளுத்துகிறது என்றாள். அம்மா எப்படி என்றேன். நன்றாக இருக்கிறார்கள் என்றாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்:

"ஸ்கூல் விட்டு வந்து ஜூஸ் போட்டேன். கவனமில்லாம ரெண்டு டம்ளர்ல ஊத்திட்டேன்."

"அம்மாவுக்குக் குடுத்தியா?"

"அத்தைக்குத்தான் சக்கரையாச்சே. நானே ரெண்டையும் குடிச்சேன்." பிறகு கேட்டாள்: "அங்க இன்னிக்கு இன்னா போடப் போறீங்க?" அம்மாவின் ராயபுரத்து 'இன்னா' அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இல்லாத வீட்டில் அவள் அம்மாவோடு எவ்வளவு பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்துபோனது.

அன்று பாரில் முதல் ஆர்டரே புதினாவும் எலுமிச்சையும் போட்டதுதான். கலந்தேன். ஸ்ட்ராவை விட்டு, விரலால் அடைத்துத் தூக்கினேன். நாக்குக்குக் கொண்டுவந்த கை பாதியில் நின்றது. தலை தானாக அண்ணாந்தது. ஸ்ட்ராவை ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் கண் கொட்டாமல் பார்த்தார். ரமோன் ஓடி வந்தார். "என்ன ஆயிற்று உனக்கு? பல் வலியா?" என்றார்.

விரலை எடுத்தேன். பாட்டில் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் குடிக்கிறவன்தான். அந்த ஒரு துளி மட்டும் வாயில் விழவில்லை. மோவாயில் பட்டு, வெள்ளைச் சட்டையின் காலரில் இறங்கியது. புதினா வாசனை அடித்தது. உப்பு சரியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தம்ளரை அப்படியே அந்த வெள்ளைக்காரர் முன்னால் வைத்தேன்.